இடுப்பில் கட்டிய நேர்த்தி

நான் சந்தேகக்காரி. கலியாணமான முதல் மாதமே என் கணவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவர் நினைப்பதுபோல இது பிறவிக்குணம் இல்லை, தொழில் தந்தது. வீடு வீடாகத் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் குடும்பநல மாதுவாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாய்மார் சொல்வதையெல்லாம் நம்பினேன். "பிள்ளைக்கு முட்டை குடுக்கிறனீங்களோ?" என்று கேட்டால், "ஓம் மிஸ், ஒவ்வொரு நாளும்" என்பார்கள். எழுதிக்கொள்வேன். ஒருநாள் அப்படி ஒவ்வொரு நாளும் முட்டை கொடுக்கும் வீடொன்றில் தண்ணீர் வாங்கிக் குடிக்க நின்றேன். அந்த வளவில் கோழியும் இல்லை, குப்பையில் ஒரு முட்டைக்கோதும் இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். அந்த வீட்டார் கடைசியாக எப்போது முட்டை வாங்கினார்கள் என்பது அவருக்கு நினைவே இல்லை. அன்றிலிருந்து வாய் சொல்வதைக் குறைத்துக் கேட்டு, குப்பையைக் கூடுதலாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு பார்த்தவையெல்லாம் என் சந்தேகத்துக்குத் தீனி போட்டன. எடை குறைந்த பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் சத்துமா திரிபோசா. அதைக் கரைத்து ஆட்டுக்கு வைத்த வீடு ஒன்றைக் கண்டிருக்கிறேன். ஆடு பளபளவென்று நின்றது. அதன் பக்கத்தில் அந்த வீட்டுப் பிள்ளை எலும்பும் தோலுமாக மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றது. அந்தத் தாய்க்கு நான் ஏசிய ஏச்சு இரண்டு ஒழுங்கை தாண்டிக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் வீடு மன்னார்த் தீவில், பள்ளிமுனையில். வேலை மன்னார்ப் பாலத்துக்கு அப்பால், முசலிப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில். மாதத்துக்கு ஒருநாள் அங்கே பொதுநோக்கு மண்டபத்தில் நிறை பார்ப்போம். கூரை வளையில் தொங்கும் தராசு, அதன் கொளுக்கியில் துணியில் தைத்த காற்சட்டை. அதற்குள் காலை நுழைத்துப் பிள்ளையைத் தொங்கவிட்டால் அது வீரிட்டு அழும். அழுகை கொஞ்சம் அடங்கும் நேரம் பார்த்து முள்ளை வாசிக்க வேண்டும். வாசித்ததைத் தாயின் கையில் இருக்கும் அட்டையில் புள்ளியாகக் குறித்து, போன மாதப் புள்ளியோடு கோடாக இணைப்பேன். கோடு மேலே போனால் பாராட்டு. படுத்தால் ஏச்சு. எல்லாம் அங்கே பாயில் இருக்கும் மற்றத் தாய்மாரின் முன்னிலையில்தான் நடக்கும். ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். மண்டபத்தில் தனி அறை இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை.

நான் சொல்ல வந்த தாய் என் பகுதிக்கு வந்தபோது அவளுடைய பெண்பிள்ளைக்கு ஆறு மாதம். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய குடும்பம். பெற்றோர் இந்த ஊர்க்காரர், ஆனால் அவள் பிறந்ததும் வளர்ந்ததும் கலியாணம் கட்டியதும் பிள்ளை பெற்றதும் முகாமில். புருஷன் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவன். அவளுடைய பேச்சு பாதி இங்கத்தையது, பாதி அங்கத்தையது. ஊரில் சிலருக்கு "இந்தியாவால வந்த ஆக்கள்" என்றாலே ஒரு மாதிரி. நான் அப்படிப் பார்க்கிறவள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் வந்த முதல் நாளே அவளுடைய கடதாசிகளை மற்றவர்களுடையதைவிட இரண்டு தரம் கூடப் புரட்டிப் பார்த்தேன் என்பதும் உண்மை.

பிள்ளை அப்போதே எடை குறைவு. திரிபோசா கொடுத்தேன். இரண்டு மாதம் கழிந்தும் கோடு அசையவில்லை.

"என்ன பிள்ளை, கோடு நிண்ட இடத்திலயே நிக்குது?" என்றேன். "தந்த திரிபோசா எங்க போச்சுது?"

"குடுக்கிறேன் மிஸ். ரெண்டு வாய் வாங்குது, அப்புறம் களைச்சுப் போயிடுது. பால் குடிக்கும்போதும் அப்படித்தான். நெத்தியெல்லாம் வேர்க்குது."

"மன்னாரில ஆருக்கு வேர்க்கேல்ல? எனக்கும்தான் வேர்க்குது."

பாயில் இருந்த தாய்மார் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்த உற்சாகத்தில் வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன்.

"அடுத்த மாசமும் இப்பிடியெண்டால் நான் சும்மா இருக்க மாட்டன். பிள்ளையப் பார்க்கத் தெரியாத தாய் எண்டு எழுதிப் போடுவன். சிறுவர் பகுதிக்காரர் ஜீப்பில வந்து பிள்ளையத் தூக்கிக்கொண்டு போவினம்."

இந்த வசனத்தை நான் அந்தக் கிராமத்தில் பாதித் தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். அது வெறும் வெருட்டு. நான் எழுதியதும் இல்லை, ஜீப் வந்ததும் இல்லை. உள்ளூர்த் தாய்மாருக்கு அது தெரியும். "கொண்டு போகச் சொல்லுங்கோ மிஸ், எனக்கும் ரெண்டு நாள் நித்திரை கொள்ளலாம்" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்திருக்கிறாள். இவள் சிரிக்கவில்லை. பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அட்டையைக்கூட வாங்காமல் மண்டபத்தை விட்டு இறங்கினாள். அட்டையோடு பின்னால் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் பிள்ளையின் இடுப்புக் கயிற்றில் பாக்களவில் ஒரு துணிப்பொட்டலம் தொங்கியது. நான் கையை நீட்டியதும் அவள் மறித்தாள்.

"மடு மண் மிஸ். மாதாவுக்கு நேர்ந்து கட்டியிருக்கேன். திருவிழா முடியிற வரைக்கும் கழட்டக் கூடாது."

மடு மாதாவின் கோவில் மண் எங்கள் வீட்டிலும் ஒரு சின்னப் போத்தலில் இருக்கிறது. பாம்பு கடித்தவனுக்கும் காய்ச்சல்காரனுக்கும் அதைப் பூசி வளர்ந்தவள் நான். பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும்போது மெல்லிய சட்டையைத் தவிர உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது விதி. பாரமான காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறவள், மடு மண்ணைக் கழற்றச் சொல்லவில்லை. என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, "சரி, ஏத்தும்" என்றேன். ஒரு துளி மண் என்ன பாரம் வந்துவிடப் போகிறது?

முள் மேலே போயிருந்தது. அடுத்த மாதமும் போனது. அதற்கடுத்த மாதமும். பொட்டலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து முட்டையளவில் வந்திருந்தது. நேர்த்தி கூடியிருக்கிறது, மண்ணையும் கூட்டிக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளையைத் தராசில் ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் அவள்தான். என் ஏச்சு வேலை செய்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். அவளுடைய அட்டையைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டி, "பாருங்கோ, இப்பதான் கரைக்கு வந்த தாய் எப்பிடி வளர்த்திருக்கிறா எண்டு" என்றேன். அவள் தலையைக் குனிந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த மூன்றாவது மாதத்தில்தான் பிள்ளையின் கறுப்பு வளையலைக் கண்டேன். முதல் நாள் அவள் வந்தபோது அதே வளையல் மணிக்கட்டில் இறுக்கமாக இருந்தது. பிள்ளை வளர்ந்தால் அதை வெட்டி எடுக்க வேண்டிவரும் என்று நானே சொல்லியிருந்தேன். இப்போது பிள்ளை கையை உயர்த்தியபோது அது வழுகி முழங்கை வரை போய் நின்றது. அட்டையில் கோடு ஏறுகிறது, கையில் வளையலும் ஏறுகிறது. இரண்டும் ஒன்றாக நடக்க முடியாது.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். ஒரு கிலோ சீனிப் பைக்கற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், முள் சரியாக ஒன்றில் நின்றது. பிறகு என் கண்ணைச் சந்தேகப்பட்டு, கடையில் மூக்குக்கண்ணாடியைச் சோதித்தேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் வேறு யாருடையவோ பிள்ளையைக் கொண்டுவந்து நிறை காட்டுகிறாளோ என்றுகூட யோசித்தேன். அழும் பிள்ளைகள் எல்லாம் ஒரே முகம்தானே. ஆனால் இந்தப் பிள்ளைக்கு இடது காதடியில் ஒரு மச்சம் இருந்தது, அது மாறவில்லை. தாய்மார் நிறையைக் குறைத்துக் காட்டினால் விளங்கும், திரிபோசா கிடைக்கும் என்பதற்காகச் செய்வார்கள். கூட்டிக் காட்டி ஒருத்திக்கு என்ன லாபம்? அது எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பிடிபடாததால் சந்தேகம் கூடியது.

நிறை பார்க்கும் நாளில் எனக்கு உதவிக்கு வரும் பெண்ணிடம் மெல்லக் கேட்டேன். அவள் இவளுக்கு அயல். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ், நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. பின்னேரத்தில ஆட்டுக்கு என்னவோ கரைச்சு வைக்கிறவள்."

அது போதும் எனக்கு. அடுத்த நாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் போனேன். ஸ்கூட்டியை ஒழுங்கை முகப்பிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன், சத்தம் கேட்டு ஒளித்துவிடக் கூடாதே. பாதி கட்டி முடிக்காத வீட்டுத்திட்ட வீடு, கதவுக்குப் பதில் தகரம். அவள் பின்பக்கம் கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டது. நான் அவளைக் கூப்பிடவில்லை. நேரே ஆட்டுக்கொட்டிலுக்குப் போனேன். வாளியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. மணந்து பார்த்தேன். போதாமல் விரலைத் தோய்த்து நாக்கிலும் வைத்தேன். வெறும் கழுநீர். ஆடு என்னை ஏற இறங்கப் பார்த்தது. எனக்கு ஆறுதல் வரவில்லை, ஏமாற்றம்தான் வந்தது. அந்த ஏமாற்றத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை.

குசினிக்குள் போனேன். திரிபோசா மூடி இறுக்கிய ரின்னுக்குள் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அன்று காலை குழைத்தது, இரண்டு வாய் மட்டும் குறைந்து, காய்ந்துபோய்க் கிடந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. என் கண் சுவரில் இருந்த ஆணிக்குப் போய்விட்டது. திருவிழா முடியும்வரை கழற்றக் கூடாத நேர்த்தி அந்த ஆணியில் தொங்கியது.

எடுத்தேன். கை கீழே இழுபட்டது. மண் இவ்வளவு பாரம் இருக்காது. மெய்யாகவே நேர்த்தியாக இருந்தால் பெரும் பாவம் என்று ஒரு கணம் தயங்கி, மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டுகள் சீமெந்து நிலத்தில் சிதறி உருண்டன.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "இங்க வா!" என்று கத்தினேன். நீர், நீங்கள் என்ற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அவள் ஈரப்பிள்ளையைத் துவாயில் சுற்றியபடி ஓடிவந்து, நிலத்தில் கிடந்ததைப் பார்த்து, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"ஆரை ஏமாத்திறாய்? என்னையோ? மாதாவையோ? பிள்ளை வாயில வச்சுச் சூப்பினா நஞ்சு எண்டு தெரியுமோ உனக்கு?"

"தராசுல ஏத்துற நேரம் மட்டுந்தான் கட்டுவேன் மிஸ். கையில குடுக்கவே மாட்டேன்."

"ஏன் இந்த வேலை பார்த்தனீ?"

அவள் அழவில்லை. நான் கேட்டதே அவளுக்கு விசித்திரமாக இருந்ததுபோலப் பார்த்தாள்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, எழுதிப் போடுவேன், ஜீப்புல வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு. முகாமுல அதிகாரி ஒண்ணு சொன்னா நடந்துரும் மிஸ். தலை எண்ணுற அன்னைக்கு ஆள் இல்லேன்னா பேரையே வெட்டிருவாங்க. நான் நடக்காதுன்னு எப்படி நினைக்கிறது?"

 அப்போது துவாய் விலகி, பிள்ளையின் நெஞ்சு தெரிந்தது. ஐந்து மாதமாக நான் பார்த்த பிள்ளை, அன்றுதான் ஒரு துணியும் இல்லாமல் அழாமல் என் முன்னால் இருந்தது. இடது பக்க விலா எலும்புகளுக்குக் கீழே தோல் படபடவென்று துடித்தது. மூச்சு எடுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குழி உள்ளே போனது. இப்போதுதான் குளித்த பிள்ளை, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. துடைத்தேன், மறுபடி வந்தது. அவளைப் பால் கொடுக்கச் சொன்னேன். நான்கு இழுவை இழுத்துவிட்டு வாயை எடுத்து, ஓடிவந்த ஆள்போல மூச்சு வாங்கியது.

இருதயத்தில் குறை உள்ள குழந்தை பால் குடிக்கும்போது களைக்கும், நெற்றி வேர்க்கும். பயிற்சியில் நான் பாடமாக்கி எழுதிச் சித்தியடைந்த விஷயம். இந்தத் தாய் எந்தப் பயிற்சிக்கும் போகாமல் அதே இரண்டையும் எனக்குச் சொன்னாள். நான் பகிடி விட்டேன்.

ஓட்டோ பிடித்து நானே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் என்னிடம் ஒன்றையே கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்குத்தானே மிஸ் போறோம்? வேற எங்கயும் இல்லையே?" ஒவ்வொரு தரமும் ஓம் என்றேன். மன்னார்ப் பாலத்தில் காற்று அடித்தபோது பிள்ளையின் முகத்தை மூட என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் தன் சேலைத் தலைப்பால் மூடினாள். ஆஸ்பத்திரிச் சந்தியில் கழுதைகள் தெருவை மறித்து நின்றன. நான் இறங்கிப்போய் அவற்றை ஏசி விரட்டினேன். அந்த நேரம் எனக்கு ஏசுவதற்கு யாராவது வேண்டியிருந்தது.

டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்த உடனேயே முகம் மாறினார். பிறகு அட்டையை வாங்கி விரித்தார். நான் கீறிய அழகான கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. "இருதயத்தில ஓட்டை போல கிடக்கு. ஆனா நிறை நல்லாத்தானே ஏறியிருக்கு?" என்று என்னைப் பார்த்தார். ஈயம் இல்லாத உண்மையான கோடு கீழே இறங்கியிருக்கும், அதைக் கண்டிருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே நானே அந்தப் பிள்ளையை அவரிடம் அனுப்பியிருப்பேன். நான் குனிந்து பிள்ளையின் துவாயைச் சரிசெய்தேன். களைப்பையும் வேர்வையையும் முன்பே எனக்குச் சொன்னதை அவள் அவரிடம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு அப்போது நல்ல சந்தர்ப்பம்.

அன்றே அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து கொழும்பு. சத்திரசிகிச்சைக்கு முன் சளி பிடித்து இரண்டு தரம் பின்போட்டார்கள். இன்னும் பிந்தியிருந்தால் செய்திருக்க முடியாது என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கிழமைகளில் நான் பள்ளிமுனைக் கோவிலில் முழங்காலில் நின்றேன். ஆனால் மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்குள்ளேயே, பிழைக்காவிட்டால் என் கதி என்ன என்ற பயமும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

பிள்ளை பிழைத்தது. நெஞ்சின் நடுவில் நீளத் தையலோடு ஊருக்கு வந்தது.

அதற்குள் எனக்கு மேலே இருக்கும் மிஸ் விளக்கம் கேட்டு எழுதிவிட்டார். இருதய வருத்தக்காரப் பிள்ளைக்கு இந்தக் கோடு எப்படி வந்தது? நேரில் கண்டபோது ஈயத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். வழியும் அவரே சொல்லித்தந்தார். "தாய் ஈயம் கட்டி ஏமாத்தினவ எண்டு எழுதும். உமக்கு ஒண்டும் வராது. மிச்சத்தைச் சிறுவர் பகுதி பார்த்துக்கொள்ளும்."

அதாவது, நான் வெறுமனே வெருட்டிய ஜீப் இப்போது மெய்யாகவே வரும். அதுவும் என் கையெழுத்தில்.

மூன்று இரவு எழுதிக் கிழித்தேன். கடைசியில் எழுதியது இது: பிள்ளையை இடுப்பில் துணிப்பொட்டலத்தோடு நிறை பார்த்தேன். அதைக் கழற்றச் சொல்வது என் கடமை, சொல்லவில்லை. பால் குடிக்கும்போது பிள்ளை களைக்கிறது, வேர்க்கிறது என்று தாய் சொன்னதை நான் பதியவும் இல்லை, டொக்டரிடம் அனுப்பவும் இல்லை. பிழை என்னுடையது. ஈயத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை.

அனுப்புவதற்கு முன் அவளிடம் சொல்லலாம் என்று போனேன். நல்லது செய்துவிட்டேன் என்ற மிதப்பும் இருந்தது, மறைக்கவில்லை. அவள் வாசலில் இருந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாயைத் திறந்து அடுத்த வாயைக் கேட்டது.

"உன்ர பேர் ஒண்டும் வராது. எல்லாம் என்ர பிழை எண்டு எழுதிப்போட்டன்" என்றேன்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "காட்டுங்க மிஸ்."

"நான் சொல்லுறன்தானே."

"நீங்க சொல்றது சரி மிஸ். நான் படிச்சுப் பார்த்துக்கிறேன்."

கொடுத்தேன். விரலை வரிக்கு அடியில் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி மெதுவாக வாசித்தாள். முடித்துவிட்டுத் திரும்ப மேலிருந்து தொடங்கினாள். பின்பக்கத்தைத் திருப்பி அங்கே ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். வீடு வீடாக நான் செய்கிற வேலைதான் அது. ஆனால் எனக்கு ஒருவர் செய்யும்போது முகத்தில் அறைவதுபோல இருந்தது.

"இதுல உங்க கையெழுத்து இல்லையே மிஸ்."

மறந்துபோனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மறக்கவில்லை. இன்னும் ஒருநாள் யோசிக்கலாம், வேண்டுமென்றால் மாற்றி எழுதலாம் என்றுதான் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது.

அவள் உள்ளே போய் ஒரு பேனையை எடுத்துவந்து நீட்டினாள். நான் வாசல் படியில் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"திகதியும் போடுங்க மிஸ்" என்றாள்.